எங்கள் மாடியில் ஏன் காத்தாடி இல்லை

அப்பா பெங்களூர் வந்தால் பையை இறக்கி வைத்த கையோடு மொட்டைமாடிக்குத்தான் போவார். 2023 ஜூனில் வந்தபோதும் அப்படித்தான். கொடியில் என் புடவை ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. காபி ஆறிப்போகும் வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றார். புடவை லேசாக உப்பியது, தொங்கியது, கொஞ்ச நேரம் கழித்து எதிர்ப்பக்கம் ஒதுங்கியது.

"மக்ளே, காத்து இருக்கு. ஆனா நின்னு வீசல்ல, கேட்டியா" என்றார்.

அதற்கு இரண்டு வாரம் முன்புதான் போனில் அவரிடம் சொல்லியிருந்தேன், வீட்டு மாடியில் சின்னதாக ஒரு காத்தாடி வைக்கப் போகிறேன் என்று. எங்கள் ஊர்ப் பக்கம் காற்றாலை என்று யாரும் சொல்வதில்லை. காத்தாடிதான். நான் பிறந்து வளர்ந்தது ஆரல்வாய்மொழி. நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி போகும் சாலையில், மேற்குத் தொடர்ச்சி மலை தன் தென்கோடியில் விட்டுக்கொடுத்திருக்கும் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று அந்தச் சந்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நுழையும்போது அதன் வேகம் கூடும். பக்கத்திலுள்ள முப்பந்தலில் ஆரம்ப காலத்திலேயே முன்மாதிரிக் காத்தாடிகள் நிறுத்தப்பட்டன. இன்றைக்கு அந்தச் சுற்றுவட்டாரத்தில் சுமார் 1,500 மெகாவாட் திறனுக்குக் காத்தாடிகள் நிற்கின்றன. அப்பா 1994-லிருந்து 22 வருடம் அங்கே ஆபரேட்டராக இருந்தவர். வைகாசி பிறந்தால் வீட்டுக் கதவுகளுக்குக் கொக்கி போடாமல் இருக்க முடியாது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது எங்களுக்குப் பழமொழியாகவே தோன்றியதில்லை. விறகுக்கட்டு பறந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அப்படி ஓர் ஊரில் வளர்ந்துவிட்டு, ராமமூர்த்தி நகர்ப் பக்கம் முப்பதுக்கு நாற்பது அடி சைட்டில் சொந்தமாக ஒரு வீடு கட்டிக் குடியேறியதும், மாடியில் ஒரு காத்தாடி சுற்றினால் எப்படி இருக்கும் என்ற ஆசை வந்தது. மின்கட்டணம் அதற்கு ஒரு சாக்கு. கர்நாடகத்தில் கிருஹ ஜோதி திட்டம் வந்து மாதம் 200 யூனிட் வரை இலவசம் ஆனது அந்த வருடம்தான். எங்களுடையது இரண்டு தளம், மின்சார ஸ்கூட்டர், இண்டக்ஷன் அடுப்பு, போர்வெல் மோட்டார். மாதம் 330, 340 யூனிட் ஓடும். 200-ஐத் தாண்டினால் முழு பில்லையும் கட்ட வேண்டும். ஆகவே எங்களுக்குச் சலுகை இல்லை.

இந்த இடத்திலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் பில் பூஜ்யமாக வந்துகொண்டிருந்தால் காசை மிச்சம்பிடிக்க சோலாருக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை. என் தங்கை லிங்கராஜபுரத்தில் மாதம் 110 யூனிட்டில் குடும்பம் நடத்துகிறாள். அவளையும் போடச் சொல்லி ஒரு ஏஜென்ட் விடாமல் போன் செய்தார். வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன்.

சரி, காத்தாடிக்கு வருகிறேன்.

ஒரு விற்பனையாளர் வீட்டுக்கே வந்தார். செங்குத்து அச்சில் சுற்றும் வகை, முட்டையடிக்கும் கரண்டியைத் தலைகீழாக நிறுத்தியது போல இருக்கும். காற்று எந்தப் பக்கமிருந்து வந்தாலும் சுற்றும், சத்தமே வராது, ஒரு கிலோவாட், விலை ஒன்றரை லட்சத்துக்கு மேல். போனில் வீடியோ காட்டினார். அழகாகத்தான் சுற்றியது. அந்த வீடியோவை அப்பாவுக்கு அனுப்பினேன். அவர் திருப்பிக் கேட்டது ஒரே கேள்வி: "ஒரு கிலோவாட்டுன்னா எந்தக் காத்துக்கு?"

எனக்கு விளங்கவில்லை. விற்பனையாளரிடம் கேட்டேன். அவர் கொடுத்த தாளின் கடைசியில் பொடி எழுத்தில் இருந்தது: வினாடிக்கு 12 மீட்டர். அதாவது மணிக்கு 43 கிலோமீட்டர். பெங்களூரில் அந்த வேகத்தில் காற்றடித்தால் ரோட்டோரத்து மரங்களின் பெரிய கிளைகளே ஆட்டம் காணும்.

காற்றின் கணக்கு மற்ற எந்தக் கணக்கையும் போல இருக்காது. வேகம் இரண்டு மடங்கானால் அதிலிருக்கும் ஆற்றல் எட்டு மடங்காகும். வேகம் நாலில் ஒரு பங்காகக் குறைந்தால் ஆற்றல் அறுபத்து நாலில் ஒரு பங்காகிவிடும். பள்ளியில் மூன்றின் அடுக்கு படித்தோமே, அதுதான். அதற்கு மேல், எப்பேர்ப்பட்ட இறக்கையாக இருந்தாலும் காற்றிலுள்ள ஆற்றலில் 59.3 சதவீதத்துக்கு மேல் பிடிக்க முடியாது. ஆல்பர்ட் பெட்ஸ் என்ற ஜெர்மானியர் நூறு வருடத்துக்கு முன்பே கணக்குப் போட்டு வைத்துவிட்டார். காற்றை முழுக்க நிறுத்திவிட்டால் பின்னால் வரும் காற்றுக்கு வழி இருக்காது, அதனால் கொஞ்சத்தைப் போகவிட்டுத்தான் ஆக வேண்டும். சின்ன யந்திரங்களில் கைக்கு வருவது 25, 30 சதவீதம் இருந்தாலே நல்லது. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்றின் அடர்த்தியும் பத்து சதவீதம் போலக் குறைவு.

இரண்டு மீட்டர் குறுக்களவுள்ள ஒரு காத்தாடியை எடுத்துக்கொண்டு நோட்டில் போட்டுப் பார்த்தேன். 12 மீட்டர் காற்றில் 900 வாட் கொடுக்கும் அதே காத்தாடி 3 மீட்டர் காற்றில் 14 வாட் கொடுக்கும். ஒரு எல்இடி பல்பு எரியும். அதுவும் அந்த வேகத்தில் மெஷின் கிளம்பினால்தான். பெரும்பாலானவை கிளம்பவே 3 மீட்டர் வேண்டும்.

அப்படியானால் எங்கள் மாடியில் எவ்வளவு காற்று வீசுகிறது? இதுதானே முதலில் கேட்டிருக்க வேண்டியது. கையடக்கமான காற்றுவேகமானி ஒன்று வாங்கினேன், விலை இரண்டாயிரத்துக்குள்தான். மாடிப்படி அறைக்கு மேலே ஒரு மூங்கிலை நட்டு அதன் உச்சியில் கட்டினேன். ஜூன் 10 முதல் ஜூலை 31 வரை காலை ஏழு, மதியம் ஒன்று, மாலை ஆறு, இரவு ஒன்பது என்று நாலு வேளை குறித்தேன். பருவக்காற்று மாதங்கள், ஊரில் காத்தாடிகள் மூச்சுவிடாமல் சுற்றும் மாதங்கள். வேண்டுமென்றே அந்தக் காலத்தைத் தேர்ந்தெடுத்தேன், காற்றுக்கு அநியாயம் செய்துவிடக் கூடாது என்று. கிடைத்த 190 குறிப்புகளில் 5 மீட்டரைத் தொட்டவை 11. பெரும்பாலானவை ஒன்றுக்கும் மூன்றுக்கும் நடுவில்.

வேகம் குறைவு என்பதோடு முடியவில்லை. அப்பா புடவையில் பார்த்த விஷயம் ஒன்று இருக்கிறது. மேற்கே நாலு மாடிக் கட்டடம், தெற்கே காலி சைட், அதையடுத்துத் தென்னைகள், நடுவில் எங்கள் வீடு. கட்டடத்தின் மேல் மோதும் காற்று மறுபக்கம் சுழன்று இறங்கும். ஆற்றில் பாறைக்குப் பின்னால் தண்ணீர் சுழிப்பது போல. சுழிக்குள் வைத்த காத்தாடி நிமிடத்துக்கு நிமிடம் வேகம் மாறித் திணறும், பேரிங் தேயும், அந்த அதிர்வு கம்பம் வழியாக கான்கிரீட்டுக்குள் இறங்கிப் படுக்கையறை வரை கேட்கும். சுற்றியுள்ள 150 மீட்டரில் எது உயரமோ அதைவிட 9 மீட்டராவது மேலே இறக்கை இருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் சொல்லும் பொது விதி. எங்களுக்கு அப்படியென்றால் தரையிலிருந்து கிட்டத்தட்ட எண்பதடி. முப்பதுக்கு நாற்பது சைட்டில் கம்பத்தை இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பி கட்டக்கூட இடமில்லை.

பிரிட்டனில் வீட்டுக் கூரைகளில் இப்படிச் சின்னக் காத்தாடிகளைப் பொருத்தி ஒரு வருடம் அளந்து பார்த்திருக்கிறார்கள். வாரிக் சோதனை என்று பெயர், 2009-ல் அறிக்கை வந்தது. இரைச்சல் தாங்காமல் நிறுத்தி வைத்த நாட்களையும் சேர்த்துக் கணக்கிட்டால், சராசரி உற்பத்தி அவற்றின் முழுத் திறனில் ஒரு சதவீதத்தைக்கூட எட்டவில்லை. காற்றுக்குப் பேர்போன தீவில் இந்தக் கதை.

வீட்டுக்கென்று காற்றிலிருந்து மின்சாரம் எடுத்த முதல் ஆளும் அந்தப் பக்கத்துக்காரர்தான். ஜேம்ஸ் பிளைத் என்ற பேராசிரியர், 1887-ல், ஸ்காட்லாந்தில் மேரிகர்க் என்ற கிராமத்தில் தன் விடுமுறை வீட்டுத் தோட்டத்தில், துணிப் பாய் கட்டிய காத்தாடி. மிஞ்சிய மின்சாரத்தில் ஊர்த் தெருவுக்கு விளக்குப் போட்டுத் தருகிறேன் என்றாராம், இது பிசாசின் வேலை என்று ஊரார் மறுத்துவிட்டார்கள். எனக்கு அந்த மனிதரை மிகவும் பிடிக்கும். ஆனால் அவர் வீட்டைச் சுற்றி இருந்தது திறந்த வெளி. எங்கள் ஊரில் சித்தப்பாவுக்கு ஊருக்கு வெளியே ஒரு தோட்டம் இருக்கிறது. சுற்றிலும் பொட்டல், பக்கத்து வீடு அரை மைல். அவர் கேட்டால் காத்தாடி வையுங்கள் சித்தப்பா என்று தயங்காமல் சொல்வேன். மலைமேல் வீடு, கடற்கரையோரத் தோப்பு, மின்கம்பி எட்டாத இடம் என்று இருப்பவர்களுக்கும் அதையேதான் சொல்வேன், முதலில் ஒரு வருடம் அளந்துவிட்டு.

என் ஆசை அந்த ஜூலையோடு போயிற்று. வருத்தமாகத்தான் இருந்தது. மூங்கிலைக் கழற்றிய அன்று அப்பாவுக்குப் போன் செய்தேன். மறுமுனையில் காற்றுச் சத்தம்தான் முதலில் கேட்டது.

அப்புறம் சோலார். இதிலும் கண்ணை மூடிக்கொண்டு இறங்கவில்லை. பெங்களூரில் மொட்டைமாடியில் வெயிலைப் பிடிப்பது புதிதே இல்லை. எந்த மாடியில் ஏறிப் பார்த்தாலும் சோலார் வாட்டர் ஹீட்டர்களின் குழாய்கள் வரிசையாகத் தெரியும். இங்கே புது வீடு கட்டினால் அது கட்டாயம் என்று பல வருடங்களாக விதி இருக்கிறது. குளிக்க வெந்நீர் தரும் அதே வெயில்தான், இப்போது விளக்குக்கும் என்று நினைத்துக்கொண்டால் பயம் போய்விடும்.

கணக்கு சுலபம். ஒரு கிலோவாட் பேனல் பெங்களூர் வெயிலில் நாளொன்றுக்கு சராசரி 4 யூனிட் தரும். நான் யோசித்த காத்தாடியின் சுற்றுப்பரப்பு 3 சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேல். 540 வாட் பேனல் ஒன்றின் பரப்பு அதைவிடக் குறைவு. எங்கள் மாடிக் காற்றில் காத்தாடி நாளைக்குக் கால் யூனிட் தருவதே சந்தேகம், அந்த ஒரு பேனல் இரண்டு யூனிட் தரும். அசையும் பாகம் எதுவும் கிடையாது. இந்த ஊரின் இளஞ்சூடும் பேனலுக்கு நல்லது. பேனலுக்குள் மின்சாரம் உண்டாக்கும் சின்னக் கட்டங்களான செல்கள் சூடாக ஆக உற்பத்தி இறங்கும், 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.35 சதவீதம் போல. சென்னையின் மே மாதத்தில் பேனல் படும் பாடு இங்கே இல்லை.

2024 பிப்ரவரியில், வீட்டு மாடியில் சோலார் போட மானியம் தரும் பிரதமரின் சூர்ய கர் திட்டம் வந்தது. முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதற்கு 18,000, அதிகபட்சம் 78,000 ரூபாய் மானியம். உள்நாட்டிலேயே செல் தயாரித்துச் செய்த பேனலாக இருந்தால்தான் கிடைக்கும், பில்லில் அதைப் பார்த்து வாங்குங்கள். நாங்கள் 540 வாட் பேனல் ஆறு போட்டோம். எல்லாம் சேர்த்து 1,95,000. மானியம் பிறகு வங்கிக் கணக்கில் வந்தது. மாதம் 380 யூனிட்டை ஒட்டி விளைகிறது. வாங்கும் மின்சாரம் யூனிட் சுமார் 6 ரூபாய் என்பதால் ஐந்தாறு வருடத்தில் போட்ட பணம் திரும்பிவிடும். மிஞ்சுவதை மின்வாரியம் எடுத்துக்கொள்ளும், ஆனால் நாம் வாங்கும் விலை அதற்குக் கிடைக்காது. ஆகவே பெரிதாகப் போட்டு விற்றுச் சம்பாதிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நிலைக்கட்டணமும் எப்போதும்போல வரும்.

பணக் கணக்கைவிட நிழல் கணக்குக்குத்தான் நான் அதிக நேரம் செலவழித்தேன், அதற்காகச் சந்தோஷப்படுகிறேன். பேனலுக்குள் செல்கள் ஒன்றின் பின் ஒன்றாகக் கோக்கப்பட்டிருக்கின்றன. தோட்டக் குழாயின் ஓரிடத்தில் காலை வைத்து மிதித்தால் மொத்தக் குழாயிலும் தண்ணீர் மட்டுப்படுகிறதே, அதுபோல ஒரு செல்லின் மேல் நிழல் விழுந்தால் அந்த வரிசை முழுவதும் மட்டுப்படும். பேனலுக்கு மூன்று பைபாஸ் டயோடுகள், அதாவது நிழல் விழுந்த பகுதியை விட்டு மின்சாரம் சுற்றிப் போக வழிவிடும் பாகங்கள், வைத்திருப்பது இதைச் சமாளிக்கத்தான், இருந்தாலும் மூன்றில் ஒரு பங்கு போனது போனதுதான். இந்த ஊரில் ஓவர்ஹெட் டேங்க் எங்கே இருக்கும்? வாஸ்துப்படி தென்மேற்கு மூலையில். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து, மதியத்துக்கு மேல் தென்மேற்கில் இறங்கும்போது, அந்த டேங்கின் நிழல் மாடியின் நட்டநடுவே நீளும். பெங்களூரின் டிசம்பர் நடுப்பகலில் சூரியன் 54 டிகிரி உயரத்தில்தான் நிற்கிறது. பத்தடி உயரப் பொருளுக்கு ஏழரை அடி நிழல், மூன்று மணிக்கு இன்னும் நீளம். ஏப்ரல் 24-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18-ஐ ஒட்டியும் நடுப்பகலில் சூரியன் தலைக்கு நேர்மேலே வந்து, நட்ட குச்சிக்கு நிழலே விழாது. அந்த நாட்களில் யாராவது வந்து மாடியைப் பார்த்து "நிழலே இல்லை மேடம்" என்றால் அது உண்மைதான், ஆனால் அந்த ஒரு நாளைக்கு மட்டும்.

நான் டிசம்பர் வரை காத்திருந்து, 2023 டிசம்பர் 22 அன்று மாடியில் மணிக்கு ஒரு முறை சாக்பீஸால் நிழலைச் சுற்றிக் கோடு போட்டேன். கோடு விழாத இடத்தில் பேனல். அவ்வளவுதான். டேங்கைத் தாண்டி வடகிழக்கில், தெற்குப் பார்த்து, 13 டிகிரி சாய்வில்.

பொருத்தும்போது காற்று மறுபடி வந்தது. 28 கிலோ எடையுள்ள பேனல் ஆறு, எட்டடி உயர இரும்புச் சட்டத்தின் மேல் நிற்கின்றன. சித்திரை மாதத்துக் கோடை மழையோடு வரும் சூறைக்கு அது ஒரு பாய்மரம். கீழிருந்து புகுந்து தூக்கப் பார்க்கும். வெறும் சிமெண்ட் கட்டையை வைத்துவிட்டுப் போகப் பார்த்தார்கள். அப்பா ஊரிலிருந்து வீடியோ காலில் வந்து, போல்ட் எத்தனை, எவ்வளவு ஆழம், மாடியில் துளை போட்ட இடத்தில் நீர்க்கசிவுக்கு என்ன பூசினீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எர்த் குழி மூன்றும் தனித்தனியா என்றும் கேட்டார். வந்திருந்த பையன்கள் கிருஷ்ணகிரிக்காரர்கள், "சரிங்கய்யா, சரிங்கய்யா" என்று திரும்பச் செய்து கொடுத்தார்கள்.

இணைப்பு கொடுத்த மூன்றாம் நாள் பகல் பன்னிரண்டு மணிக்குக் கரண்ட் போயிற்று. உச்சி வெயில், மேலே ஆறு பேனலும் தகதகவென்று நிற்கின்றன, கீழே மின்விசிறி நின்றுவிட்டது. எனக்கு ஆத்திரமாக வந்தது. இதை யாரும் எனக்கு முன்பே சொல்லவில்லை, அதனால்தான் இங்கே அழுத்திச் சொல்கிறேன். பேனலின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றுவது இன்வெர்ட்டர். கிரிட்டோடு, அதாவது மின்வாரிய லைனோடு, இணைந்த சாதாரண இன்வெர்ட்டர், வெளியே கரண்ட் போனதும் தானும் நின்றுவிடும். பேட்டரியோடு கூடிய ஹைப்ரிட் வகை போட்டால்தான் அந்த நேரத்தில் வீட்டில் விளக்கு எரியும். அதற்கு விலை வேறு.

அப்பாவிடம் புலம்பினேன். அவர் கோபப்பட்டார், என்மேல்.

"லைன்ல ஆளு ஏறி நிப்பான் மக்ளே. ஆபீஸ்ல கரண்ட கட் பண்ணிட்டுத்தான் ஏறுவான். உன் வீட்டுலேர்ந்து கரண்டு வெளிய போச்சுன்னா?"

முப்பந்தலில் அவர்கள் கோபுரத்தில் ஏறுமுன் பூட்டைப் போட்டுச் சாவியைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு ஏறுவார்களாம். 22 வருடமும் அந்தச் சாவியைத் தொட்டுப் பார்க்காமல் ஒரு படிகூட ஏறியதில்லை என்றார். அதற்குப் பிறகு எங்கள் தெருவில் கரண்ட் போனால் நான் கம்பத்தைத்தான் பார்க்கிறேன், யாராவது மேலே இருக்கிறார்களா என்று.

பராமரிப்பு பற்றி நிறையக் கேட்கிறார்கள். பெரிய விஷயமில்லை. பத்து நாளுக்கு ஒருமுறை அதிகாலையில், பேனல் குளிர்ந்திருக்கும்போது கழுவினால் போதும். ஆனால் போர் தண்ணீரில் கழுவாதீர்கள். இந்த ஊர் போர் தண்ணீர் காய்ந்ததும் வெள்ளைவெள்ளையாக உப்புக் கறை விட்டுப்போகும், தேய்த்தாலும் போகாது. குழாயில் வரும் காவிரித் தண்ணீர் ஒரு பக்கெட், இல்லையென்றால் சேர்த்து வைத்த மழைத் தண்ணீர்.

ஆடி மாதம் இங்கே மேகம் மூடிக் கிடக்கும். ஏப்ரலில் 15 யூனிட் காட்டும் மீட்டர் ஜூலையில் 8, சில நாள் 5 என்று இறங்கிவிடும். அந்த நாட்களில்தான் ஊரில் காத்தாடிகள் முழு மூச்சாகச் சுற்றும். சித்ரதுர்கா மலைமேல் நிற்பவையும், நெடுஞ்சாலையில் போகும்போது பார்த்திருப்பீர்கள், அதே மாதங்களில்தான் நன்றாக ஓடும். வெயில் குறையும்போது காற்று கூடுகிறது. பாவகடாவில் 13,000 ஏக்கரில் 2,050 மெகாவாட் சோலார் பூங்கா இருக்கும் இந்த மாநிலத்துக்கு, மழைக்கால இரவில் கைகொடுப்பது அந்த மலைக் காற்று. தென்மாநிலங்கள் எல்லாம் ஒரே மின்தொடரில் கோக்கப்பட்டவை. ஜூலை ராத்திரியில் நான் விளக்கைப் போடும்போது அதில் எங்கள் கணவாயின் பங்கும் ஏதோ கொஞ்சம் இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். என் மாடிக்குக் காத்தாடி வரவில்லை என்ற வருத்தம் அப்போது அவ்வளவாக இல்லை.

இப்போது வேறொரு கவலை வந்து, அதுவும் ஒருவாறு தீர்ந்திருக்கிறது. தெற்கே இருந்த காலி சைட்டில் போன மாதம் பூமி பூஜை போட்டார்கள். மூன்று மாடி. என் சாக்பீஸ் கோடெல்லாம் அந்தச் சைட் காலியாக இருக்கும் என்ற கணக்கில் போட்டது. பிளானை வாங்கிப் பார்த்து, டிசம்பர் நிழலை மறுபடி நோட்டில் வரைந்தேன். கட்டடம் வரைக்கும் பரவாயில்லை, எங்கள் பேனல்கள் வடகிழக்கில் உயரத்தில் இருப்பதால் தப்பிக்கும். அதன் மேல் டேங்கை வடக்கு ஓரத்தில் வைத்தால் இரண்டு பேனல் குளிர்காலம் முழுக்கப் போய்விடும். நோட்டை எடுத்துக்கொண்டு அந்த வீட்டு ஆன்ட்டியைப் போய்ப் பார்த்தேன். கன்னடத்தில் எனக்குத் தெரிந்த அளவுக்கு விளக்கினேன். அவர் படத்தைப் பார்த்துவிட்டு, டேங்க் எப்படியும் தென்மேற்கு மூலைக்குத்தான் வரும், வாஸ்து பார்த்தாயிற்று என்றார். அது எங்கள் பக்கத்திலிருந்து மிகத் தள்ளி இருக்கும் மூலை. இருந்தாலும் கட்டும்போது மாற்றிவிடாமல் இருக்க ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

"ஆய்த்தம்மா, மேஸ்த்ரிகெ ஹேள்தீனி" என்றார், சரிம்மா, மேஸ்திரியிடம் சொல்கிறேன் என்று. கிளம்பும்போது, எங்களுக்கும் பேனல் போட்டால் எந்தப் பக்கம் வைக்கலாம் என்று கேட்டார். டிசம்பர் 22 வரை பொறுங்கள் ஆன்ட்டி, மாடித்தளம் போட்டு முடிந்ததும் நானே சாக்பீஸோடு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.